மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை, நடுவில் ஒரு புள்ளி

ஜெமினியில் அண்ணா சாலை மூன்று அடுக்காக இருக்கிறது. 1973இல் திறந்த அண்ணா மேம்பாலம் மேலே. தரையில் சிக்னலும் குறுக்கே போகும் வண்டிகளும். அதற்கும் கீழே, ஏஜி-டிஎம்எஸ்ஸிலிருந்து ஆயிரம் விளக்குப் பக்கம் போகும் மெட்ரோ ரயிலின் சுரங்கம். அந்தத் தடத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 2019 பிப்ரவரியில். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் மேம்பாலத்தின் தார்தான் முக்கால்வாசி தெரியும். வரைபடத்திலோ மூன்றும் தனித்தனிக் கோடுகளாக, ஒன்றை ஒன்று தொடாமல் கடந்து போகவேண்டும். தொட்டுவிட்டால், மேம்பாலத்தின் உச்சியில் போய்க்கொண்டிருப்பவரிடம் "இடதுபுறம் திரும்பவும்" என்று போன் சொல்லும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சென்னையையும் சுற்றுவட்டாரத்தையும் நான் பல வருடங்களாக வரைந்து வருகிறேன். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்அண்ட் போன்ற செயலிகள் வழிகாட்டுவது இந்தத் தரவை வைத்துத்தான். புதிதாக வருகிறவர்கள் தெரு வரைவதை அரை மணியில் கற்றுக்கொள்கிறார்கள். கடை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் அதைவிடச் சுலபம். பாலமும் சுரங்கமும் வரும்போதுதான் தடுமாறுகிறார்கள். வழி கேட்பவரை நேராகப் பாதிப்பதும் அந்த இடங்கள்தாம் என்பதால், களத்தில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அடிப்படை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலை என்பது புள்ளிகளைக் கோத்து வரைந்த ஒரு கோடு. புள்ளியை நோடு என்றும் கோட்டை வே என்றும் சொல்கிறோம். இரண்டு சாலைகள் சந்திக்கின்றன என்றால், இரண்டு கோடுகளும் ஒரே நோடைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். திரையில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போனாலும் பொதுவான நோடு இல்லையென்றால் வழிகாட்டும் நிரலுக்கு அவை சம்பந்தமில்லாத இரண்டு சாலைகள். பொதுவான நோடு இருந்துவிட்டால், ஒன்று பாலம் மற்றது சுரங்கம் என்று எத்தனை டேக் (கோட்டிலோ நோடிலோ ஒட்டும் குறிச்சொல்) போட்டிருந்தாலும் நிரல் அங்கே வண்டியைத் திருப்பப் பார்க்கும்.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லேயர் என்று ஒரு டேக் உண்டு. மேம்பாலத்துக்கு 1, சுரங்கத்துக்கு -1 என்று போடுவோம். லேயர் போட்டுவிட்டால் சாலைகள் பிரிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். லேயர் சொல்வது, கடக்கும் இடத்தில் எது மேலே எது கீழே என்பதை மட்டும். படம் வரையும் நிரல் அதைப் பார்த்து எந்தக் கோட்டை மேலே தீட்டுவது என்று முடிவு செய்யும். வழி தேடும் நிரல் அதைப் பொருட்படுத்துவதில்லை. சேர்வதும் சேராததும் நோடின் கையில் இருக்கிறது.

சென்னையில் இந்தக் குளறுபடி அதிகம் நடக்கும் இடம் மேம்பாலத்துக்கு அடியில் இருக்கும் யூ-டர்ன். பெரும்பாலான மேம்பாலங்களுக்கு இரண்டு பக்கமும் சர்வீஸ் ரோடு ஓடும். தூண்களுக்கு நடுவே திறப்பு விட்டு, இந்தப் பக்கத்துச் சர்வீஸ் ரோட்டிலிருந்து அந்தப் பக்கத்துக்குத் திரும்ப வழி செய்திருப்பார்கள். இதை வரையும்போது சுட்டியை ஒரு சர்வீஸ் ரோட்டில் தொடங்கி, மேம்பாலக் கோட்டைக் குறுக்கே தாண்டி, மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். நடுவில் மேம்பாலக் கோட்டின்மேல் ஒரு சொடுக்கு விழுந்தால் போதும், எடிட்டர் அங்கே ஒரு நோடை ஒட்டிவிடும். உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்கிறது, சாதாரணத் தெருமுனையில் அது தேவையும்கூட. மேம்பாலத்திலோ அந்த ஒரு நோடு, நாற்பதில் போகும் பைக்கைக் கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே இறங்கச் சொல்லும்.

தவிர்க்கும் வழி எளிது. உலாவியிலேயே இயங்கும் ஐடி (iD) எடிட்டரில் வரையும்போது ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால் ஒட்டாது. கணினியில் நிறுவும் ஜோசம் (JOSM) எடிட்டரைப் பயன்படுத்துபவர்கள் கன்ட்ரோல் விசையைப் பிடிக்கலாம். இன்னும் எளிது, கடக்கும் கோட்டின்மேல் சொடுக்காமலே இருப்பது: அதற்குச் சற்று முன்னால் ஒன்று, தாண்டி ஒன்று. ஏற்கெனவே ஒட்டியிருந்தால் அந்த நோடைத் தேர்ந்தெடுத்து, ஐடியில் டி (D) விசை, ஜோசமில் ஜி (G) விசை. இரண்டு கோடுகளும் விடுபடும். பிரித்த பிறகு ஒரு கோட்டின் நோடைப் பிடித்துச் சற்றே நகர்த்திப் பாருங்கள். மற்றது கூட வராவிட்டால் பிரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. பாலத்தை வெட்டிப் பிரிக்கும் வேகத்தில், அதன் இரண்டு முனைகளும் சாலையோடு சேரும் நோடுகளையும் பிரித்துவிடுவார்கள். பாலம் அந்தரத்தில் ஒரு தீவாக நிற்கும். படத்தில் எல்லாம் சரியாகவே தெரியும், ஏனென்றால் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போலத்தான் இருக்கும். வழி கேட்டால் மட்டும் அந்தப் பாலத்தை விட்டுவிட்டு ஊரைச் சுற்றிக் காட்டும். ஓஎஸ்எம் இன்ஸ்பெக்டர், ஆஸ்மோஸ் ஆகிய இரண்டு சோதனைத் தளங்களும் இப்படித் துண்டாகிக் கிடக்கும் கோடுகளைக் காட்டிக்கொடுக்கும். நான் ஒரு பாலத்தைத் தொட்டால், பிறகு கட்டாயம் ஒருமுறை வழி கேட்டுப் பார்ப்பேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்திலேயே இரண்டு இடங்களைக் கொடுத்து வழி கேட்கும் வசதி இருக்கிறது. திருத்தம் அதில் உடனே தெரியாது, ஒரு நாள் பொறுத்துப் பார்க்கவேண்டும்.

லேயர் எண் கொடுப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: தேவைக்கு மேல் ஒரு எண்கூட ஏற்றக் கூடாது. லேயர் -5 முதல் 5 வரை போடலாம், எதுவும் போடாவிட்டால் 0. இது உயரமும் இல்லை, மாடிக் கணக்கும் இல்லை. பாலம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் கீழே தரைச்சாலை மட்டும் போனால் 1 போதும். சென்ட்ரலைப் பாருங்கள். ஈவெரா பெரியார் சாலைக்கு அடியில் நடப்பவர்களுக்கான சப்வே, அதற்கும் அடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு மெட்ரோ வழித்தடங்கள். அப்படி அடுக்கடுக்காக இருக்கும் இடங்களில்தான் -2, -3 என்று இறங்க நேர்கிறது. ஆலந்தூரில் தலைகீழ்: இரண்டு மெட்ரோ வழித்தடங்களும் தரைக்கு மேலே, வேறுவேறு தளங்களில். அங்கே 1, 2 என்று ஏறவேண்டும். லெவல் என்று இன்னொரு டேக்கும் இருக்கிறது. அது கட்டடத்துக்குள் எந்தத் தளம் என்று சொல்வதற்கு. மெட்ரோ நிலையங்களை வரைகிறவர்கள் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள், கவனம் தேவை.

அடுத்து, பாலம் எங்கே தொடங்குகிறது? மேம்பாலத்தில் ஏறும்போது முதலில் வருவது மண் நிரப்பி இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிய சரிவு. அதற்குக் கீழே எதுவும் போக முடியாது. தூணும் அடியில் வெற்றிடமும் வரும் இடத்தில்தான் பாலம் தொடங்குகிறது. அங்கே கோட்டை வெட்டி, நடுத்துண்டுக்கு மட்டும் பிரிட்ஜ், லேயர் டேக்குகளைப் போடவேண்டும். வெட்ட ஐடியில் எக்ஸ் (X) விசை, ஜோசமில் பி (P) விசை. சரிவிலிருந்தே பாலம் என்று போட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பார்கள். சரிவின் அடிப்பகுதியில்தான் சர்வீஸ் ரோடு பிரியும், சந்துகள் வந்து சேரும். அந்த இடத்தில் லேயர் 1 இருக்கும் கோடும் லேயர் 0 இருக்கும் கோடும் சிக்கிக்கொண்டு, அடுத்து வருகிறவர் எது சேர்கிறது எது சேரவில்லை என்று புரியாமல் திணறுவார். துண்டு சின்னதாக இருக்க இருக்க வரைபடம் தெளிவாக இருக்கும்.

கத்திப்பாரா இதற்கெல்லாம் பெரிய பள்ளிக்கூடம். 2008இல் திறந்த அந்தக் குளோவர் இலை மேம்பாலத்தில் அண்ணா சாலை, ஜிஎஸ்டி சாலை, நூறடி சாலை, பூந்தமல்லி சாலை நான்கும் வந்து விழுகின்றன. 2021இல் வளையங்களுக்கு அடியில் நகர்ப்புறச் சதுக்கம் வந்தது. பேருந்து நிற்குமிடம், வண்டி நிறுத்துமிடம், நடைபாதை எல்லாம் பாலத்து நிழலிலேயே. மேலிருந்து எடுத்த படத்தை வைத்து இதை வரைய உட்கார்ந்தால் தலை சுற்றும். நான் கடைப்பிடிப்பது ஒரே கேள்வி: இந்த இடத்தில், இந்தச் சாலையில் போகும் ஒரு ஸ்கூட்டர் அந்தச் சாலைக்கு மாற முடியுமா? முடியுமென்றால் நோடு. முடியாதென்றால் நோடு கிடையாது. ஒவ்வொரு குறுக்கு வெட்டையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு இதை மட்டும் கேட்டால் சிக்கல் தானாக அவிழும். பதில் தெரியாத இடத்துக்கு நேரில் போய்விடுவேன். பைக்கில் போவதைவிட இறங்கி நடப்பது நல்லது, ஓட்டிக்கொண்டே பார்த்தால் அடியில் போகும் பாதைகள் கண்ணில் படாது.

செயற்கைக்கோள் படத்தின் இன்னொரு தந்திரத்தையும் சொல்லவேண்டும். படம் எப்போதும் நேர் மேலிருந்து எடுக்கப்படுவதில்லை, சற்றுச் சாய்வாக எடுத்ததைச் சீராக்கியிருப்பார்கள். தரை சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தாலும் உயரத்தில் இருக்கும் பாலம் ஒரு பக்கமாகத் தள்ளித் தெரியும். பிங் படத்தில் ஒரு பக்கம், எஸ்ரி படத்தில் வேறு பக்கம். மேம்பாலக் கோடு சர்வீஸ் ரோட்டின் மேலேயே ஏறிக் கிடப்பதுபோல் தோன்றினால் அவசரப்பட்டு நகர்த்தாதீர்கள். தூணின் அடி எங்கே நிற்கிறது என்று பாருங்கள், பாலம் தரையோடு சேரும் இரண்டு முனைகளையும் பாருங்கள், ஜிபிஎஸ் தடங்கள் இருந்தால் அவற்றையும் போட்டுப் பாருங்கள். சுரங்கத்துக்கு இந்த வசதியும் இல்லை. உள்ளே ஜிபிஎஸ் அறுந்துவிடும், மேலே படமும் கிடையாது. இரண்டு வாய்களையும் துல்லியமாகக் குறித்துவிட்டு, உள்ளே நடந்தோ ஓட்டியோ போய் எங்கே வளைகிறது என்று பார்த்து வரைவதுதான் வழி. வேறு நிறுவனத்து வரைபடத்தைப் பார்த்து வரைவது உரிமத்துக்கு விரோதம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதற்கு இடமே இல்லை.

இப்போது ரயில் பாதைக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு அக்கறை அதிகம். அகல ரயில் பாதைகளில் ஆளில்லா ரயில்வே கேட்டுகள் அனைத்தையும் 2019 ஜனவரிக்குள் இந்திய ரயில்வே ஒழித்தது. பல இடங்களில் கேட்டுக்குப் பதிலாகத் தண்டவாளத்துக்கு அடியில் பெட்டிபோன்ற கான்கிரீட் சப்வே வந்தது. ஆள் இருக்கும் கேட்டுகளும் ஒவ்வொன்றாகப் பாலமாகவும் சப்வேயாகவும் மாறி வருகின்றன. வரைபடத்தில் ரயில்வே கேட் என்பது சாலைக் கோடும் தண்டவாளக் கோடும் பகிர்ந்துகொள்ளும் ஒரு நோடு. கேட் போய் சப்வே வந்தபின் அந்த நோடு இருக்கக் கூடாது. ஊரில் கேட் போய்விட்டது, வரைபடத்தில் இன்னும் நிற்கிறது என்றால், அது ஆம்புலன்ஸை அடைத்த சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் இப்படி ஒன்றைச் சரிசெய்யப் போயிருந்தேன். பழைய கேட் இருந்த இடத்தில் தண்டவாளத்தை நட்டுவைத்து வழியை அடைத்திருந்தார்கள். சற்றுத் தள்ளி, சாலை இடப்பக்கம் வளைந்து இறங்கி, பெட்டிச் சப்வேக்குள் புகுந்து, மறுபக்கம் வளைந்து ஏறியது. இறங்கும் இடத்துக்கு முன்னால் கறுப்பும் மஞ்சளும் அடித்த இரும்பு வளைவு. குறுக்குக் கம்பியில் உயர அளவு எழுதிய தகடு, அதன் கீழ் விளிம்பு முழுக்க உரசல் கோடுகள், ஒரு பக்கம் கம்பியே உள்வாங்கியிருந்தது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது எதிர்க் கடையிலிருந்த அக்கா கேட்டார்.

"எதுக்குத் தம்பி அளக்குற? ரோடு போடப் போறீங்களா?"

"இல்லக்கா, போன்ல வழி காட்டும்ல, அதுல இந்தச் சப்வேயச் சேக்கறதுக்கு."

"அப்படின்னா லாரி இதுல போவாதுன்னு போடு. வைக்கோல் வண்டியே இடிச்சிக்கிட்டு நிக்கும். கேட்டு இருந்தப்ப நேரா போயிட்டு இருந்தாங்க, இப்ப டேஷனத் தாண்டி பாலம் இருக்கில்ல, அதுல சுத்திக்கிட்டுதான் வரணும். மழக்காலத்துல இடுப்பளவு நிக்கும், அதயும் போடு."

நான்கு வாக்கியத்தில் அந்த அக்கா சொன்னது எந்தப் படத்திலும் கிடைக்காது. அதை வரைபடத்தில் ஏற்றிய விதம் இது. கேட் நோடின் டேக்கை நீக்கினேன். பழைய சாலையைத் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் முடியும்படி வெட்டினேன். தண்டவாளக் கோட்டை வெட்டவில்லை, அது தரையிலேயே நேராகப் போகிறது. புதிய சாலையை வளைவோடு வரைந்து, சப்வேக்குள் இருக்கும் துண்டுக்கு மட்டும் டனல் யெஸ், லேயர் -1 போட்டேன். தண்டவாளத்தோடு நோடு இல்லை. மேக்ஸ்ஹைட் என்ற உயர வரம்பை அந்தத் துண்டின்மேலேயே போட்டேன். உயர வரம்பைப் பாலத்தின்மேல் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. மேலே போகிறவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. இடிக்கப்போவது கீழே போகிறவர், ஆகவே கீழே இருக்கும் கோட்டில்தான் அது இருக்கவேண்டும். இரும்பு வளைவை ஹைட் ரெஸ்ட்ரிக்டர் என்று தனி நோடாக, அது நிற்கும் இடத்திலேயே குறித்தேன். மழையில் நீர் தேங்குவதைச் சொல்ல ஃப்ளட் ப்ரோன் என்று ஒரு டேக் உண்டு, அதையும் சேர்த்தேன்.

நீர் தேங்குவது பற்றி இன்னும் கொஞ்சம். மழைக்காலச் செய்திகளைப் பார்க்கிறவர்களுக்குத் துரைசாமி சப்வே, மேட்லி சப்வே, அரங்கநாதன் சப்வே, கணேசபுரம் சப்வே என்ற பெயர்கள் மனப்பாடம். 2015 வெள்ளத்தின்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவின்மேல் ஒரு வரைபடம் போட்டு, நீர் நிற்கும் தெருவை மக்களே தொட்டுக் குறிக்கும்படி செய்திருந்தார்கள். தொட்டுக் குறிப்பது கோட்டை. சப்வேக்கென்று தனித் துண்டு இல்லாமல், தி.நகரிலிருந்து மேற்கு மாம்பலம் வரை ஒரே கோடாகச் சாலை கிடந்தால், சப்வேயில் மட்டும் நீர் என்று எப்படிச் சொல்வது? தனித் துண்டாக, டனல் டேக்கோடு இருந்தால் அதை மட்டும் அடைத்துவிட்டு மற்ற இடங்களுக்கு வழி காட்டலாம். எந்தத் தெருவும் சேராத ஒரு பள்ளம் அது என்பதையும் கோடே சொல்லிவிடும். சப்வேக்கு மேலே ரயில் பாதையை ஒட்டி ஓடும் தெருக்கள் சப்வே சாலையோடு தவறாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வருடம்தோறும் செய்யும் வேலையாக வைத்திருக்கிறேன்.

நடந்து போகிறவர்களை நம் வரைபடக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறந்தது. கீழே இருக்கும் தெருக்கூட்டத்துக்கு மேலே போகும் அந்தப் பாதையை எங்கும் தெருவோடு சேர்த்துவிடக் கூடாது. படிக்கட்டு, லிஃப்ட், நகரும் படி இருக்கும் இடங்களில்தான் இறங்க முடியும். அந்த இடங்களைத் தனித்தனியாக வரைந்து, அவை தரையில் எங்கே போய் நிற்கின்றன என்று காட்டவேண்டும். படிக்கட்டை ஸ்டெப்ஸ் என்றும், லிஃப்டை எலிவேட்டர் என்றும் குறித்தால், சக்கர நாற்காலியில் வருகிறவருக்குப் படியில்லாத வழியைச் செயலி காட்ட முடியும். நடைமேம்பாலத்தை ஒரே நேர்கோடாக இழுத்து இரண்டு முனையையும் நடைபாதையில் ஒட்டிவிட்டுப் போனால், அவருக்கு அந்தக் கோடு பொய்தான் சொல்லும். சென்ட்ரல் சப்வே மாதிரி இடங்களில், மேலே போகும் பெரியார் சாலையோடு ஒரு நோடு ஒட்டிக்கொண்டால், பேருந்துகளுக்கு நடுவே ஏறி வரச் சொல்லும். நடைபாதைக் கோடுகளை யாரும் அதிகம் சரிபார்ப்பதில்லை. ஆகவே வரைகிறவரே இருமுறை பார்த்துவிட வேண்டும்.

தண்ணீருக்கும் இதே விதிதான். குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலம், 1966இல் கட்டியது, பறளியாற்றுக்கு மேலே ஏறத்தாழ 115 அடி உயரத்தில் வாய்க்கால் தண்ணீரைச் சுமந்துகொண்டு போகிறது. கீழே ஆறு, மேலே வாய்க்கால், இரண்டும் தண்ணீர். வாய்க்கால் துண்டுக்கு பிரிட்ஜ் அக்விடக்ட், லேயர் 1. ஆற்றோடு நோடு சேர்ந்தால், வாய்க்கால் நீர் ஆற்றில் கலக்கிறது என்று தரவு சொல்லும், நீரோட்டத்தை ஆராய்கிறவர் கணக்கெல்லாம் தப்பும். அந்தப் பாலத்தின்மேல் ஆட்கள் நடக்கவும் வழி இருக்கிறது, அதை வாய்க்காலை ஒட்டித் தனிக் கோடாக வரையவேண்டும்.

சின்ன ஓடைகளில் வேறு முறை. சாலைக்கு அடியில் குழாய் போட்டு நீரை விட்டிருந்தால் சாலையைத் தொடவேண்டாம். ஓடையை வெட்டி, குழாய்க்குள் போகும் துண்டுக்கு மட்டும் டனல் கல்வெர்ட், லேயர் -1. ஒரு ஓடைக்குப் பத்துக் கல்வெர்ட் இருந்தால் பத்துத் துண்டு. அலுப்பாகத்தான் இருக்கும். அதற்காக ஆறு முழுவதற்கும் லேயர் -1 போட்டு எச்சரிக்கைகளை வாயடைக்கச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். ஆறு தரையில் ஓடுகிறது, தரைக்கு அடியில் இல்லை. எந்தப் பாலம் விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழியே அந்த ஒரு எண்ணால் அடைபடுகிறது. அடையாற்றைப் பின்தொடர்ந்து போனால் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை ஆற்றுக்கு மேலே பாலத்தில் போவதைப் பார்க்கலாம். ஓடுபாதைக்கும் பிரிட்ஜ் டேக் உண்டு, லேயர் உண்டு. வரைந்து முடித்து அதைத் திரையில் பார்த்தபோது கிடைத்த சந்தோஷம் தனி.

எச்சரிக்கைகள் பற்றிச் சொன்னேன். ஐடி எடிட்டர், இரண்டு கோடுகள் நோடு இல்லாமல் கடந்தால் எச்சரிக்கும், தீர்வையும் கூடவே தரும்: பாலம் சேர், சுரங்கம் சேர், இரண்டையும் இணை. ஜோசமும் பதிவேற்றும் முன் இப்படிக் கடக்கும் கோடுகளைப் பற்றி எச்சரிக்கும். இணை என்பது ஒரே சொடுக்கில் முடிந்துவிடுவதால் அதை அழுத்துகிறவர்கள் நிறைய. அந்தச் சொடுக்குக்கு முன்னால் இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் எச்சரிக்கையை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள், ஒரு குறிப்பு போட்டு வையுங்கள். அந்தப் பகுதியில் இருக்கும் யாராவது போய்ப் பார்ப்பார்கள். தெரியாத இடத்தில் இணைத்துவிட்டால் எச்சரிக்கை மறைந்துவிடும், பிழை தங்கிவிடும்.

யாராவது தவறாக இணைத்திருந்தால் அவருடைய திருத்தத்தின் கீழே எழுதுங்கள். "வணக்கம், நேற்று அந்த இடத்துக்குப் போயிருந்தேன், யூ-டர்ன் பாலத்துக்கு அடியில் போகிறது, மேலே சேரவில்லை, பிரித்துவிட்டேன்" என்று எழுதினால் பெரும்பாலும் நன்றி சொல்லித்தான் பதில் வரும். சிலர் அடுத்த திருத்தத்திலேயே நம்மைவிட நன்றாக வரைகிறார்கள்.

இப்போது நகரில் வேலை கூடியிருக்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காக ஆற்காடு சாலையில் ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு இரட்டை அடுக்குப் பாதை, ஒரே தூணில் இரண்டு வழித்தடங்கள், அடியில் சாலை. இங்கே கோடுகள் குறுக்கே வெட்டுவதுடன் நிற்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகவே நெடுகப் போகின்றன. கீழ்த்தடத்துக்கு லேயர் 1, மேல்தடத்துக்கு 2, சாலைக்கு எதுவும் வேண்டாம். இரண்டு தடங்களின் நோடுகளும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, வரையும்போது சற்று விலக்கி வையுங்கள். ரயில் ஓடாத பகுதி வரைபடத்தில் கட்டுமானம் என்றே இருக்கட்டும், ஓடத் தொடங்கிய பிறகு மாற்றலாம். வேலைக்காக அடைத்த யூ-டர்ன்களையும் மாற்றுப் பாதைகளையும் அந்தந்தப் பகுதிக்காரர்கள் பார்த்துக்கொண்டால் நல்லது. வளசரவாக்கம், ஆலப்பாக்கம் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது வாரக்கடைசியில் நடந்து பார்த்து, சாலையின் எந்த இடத்தில் தூண்களுக்கு நடுவே திறப்பு இருக்கிறது என்று குறித்துக் கொடுத்தால், வரைந்து ஏற்றுவதற்கு நான் கூட வருகிறேன்.